அங்கே ஓடியது, வீட்டில் ஓடவில்லை

காலை பத்து நாற்பது. அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கணினி மேஜைக்கு அடியில் கிடந்த ஒரு மணை. சாப்பிட உட்காரும்போது போட்டுக்கொள்ளும் சாதாரண மரமணை. நாற்காலிக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில் கிடந்தது. இரண்டு இடங்கள் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தன. அதற்குப் பிறகுதான் மேஜை மேல் இருந்த கணினியையும், சுவரில் மாலை போட்டிருந்த படத்தையும் பார்த்தேன். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிந்தன.

படத்தில் இருந்தவர் ராஜேந்திரன். விவசாயி. அந்தக் கணினியின் பின்பக்கத்தில் கை வைத்தபடி மின்சாரம் தாக்கி இறந்துபோனவர். அவர் மனைவி கலைச்செல்வி சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்த்தார். அதற்காகக் கலைச்செல்வியின் தம்பி பிரபு உதிரி பாகங்களை வாங்கி, இதே மேஜையில் உட்கார்ந்து பூட்டிய கணினி அது. "இவன் பூட்டுன பொட்டிதான் என் புள்ளயக் கொன்னுச்சு" என்று ராஜேந்திரனின் அப்பா கோவிந்தராசு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்.

பிரபு தெருவில், ஜீப்புக்குப் பக்கத்தில் ஒரு காவலருடன் நின்றிருந்தார். அவரை வீட்டுப் படி ஏறக் கூடாது என்று கோவிந்தராசு சொல்லிவிட்டார். அந்த வாரக் கடைசியில் கருமாதி. கருமாதி அன்று பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் கோடிச் சேலை கொண்டுவந்து போட வேண்டும். கலைச்செல்விக்கு வேறு உடன்பிறப்பு இல்லை.

காவல் உதவி ஆய்வாளர் என்னைப் பார்த்ததும், "மெக்கானிக்க வரச் சொன்னா டீச்சர் வந்திருக்காங்க" என்றார்.

"மெக்கானிக்தான் சார். பையில ஸ்க்ரூ டிரைவர் இருக்கு, சாக்பீஸ் இல்ல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். மின் ஆய்வாளர் மறுநாள்தான் வருவாராம். அதற்குள், பெட்டியில் கோளாறு இருக்கிறதா இல்லையா என்று தொழில் தெரிந்த ஒருவர் சாட்சிகள் முன்னால் பார்த்துச் சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் விசாரித்தபோது எங்கள் கடையின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். வேலை பார்த்த அந்தக் கடையும் கை மாறிவிட்டது. அண்மையில் அந்தப் பக்கம் போனபோது கண்ணாடியில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'வீட்டுக்கு வந்து பார்ப்பதில்லை. கணினியைக் கடைக்குக் கொண்டு வரவும்.' தொழில்முறையில் அது சரிதான். பெட்ரோல் செலவு இல்லை, நேரம் மிச்சம். எங்கள் தொழில் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டவர்களுக்கு, அந்த அறிவிப்பைப் பார்த்த பிறகுதான் சரி என்று சொன்னேன்.

எனக்குச் சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளி. பாலிடெக்னிக் படிப்பு. முதல் வேலை தஞ்சாவூரில் ஒரு நாளிதழின் பதிப்பு அலுவலகத்தில், பக்கம் கட்டும் கணினிகளைப் பார்த்துக்கொள்வது. ஒரு கணினி நின்றால் ஒரு பக்கம் நிற்கும். அங்கிருந்த தலைமை உதவி ஆசிரியர், கோளாறு பற்றி நான் எழுதும் குறிப்பைக்கூடச் செய்தி போலவே திருத்துவார். மணி எங்கே, முதலில் எதைப் பார்த்தாய், 'போலிருக்கிறது' என்று எதற்கு எழுதினாய் என்று கேட்பார். அந்தப் பதிப்பு மூடப்பட்டதும் கும்பகோணத்தில் ஜமால் பாயின் கடைக்கு வந்தேன். மிச்ச வேலைக்காலம் முழுக்க அங்கேதான்.

ஜமால் பாய் வளைகுடாவில் பல வருடம் மின்சாதனங்கள் பழுது பார்த்துவிட்டுத் திரும்பியவர். கையில் மோதிரமோ கடிகாரமோ போட மாட்டார். மின் இணைப்பில் இருக்கும் எதையும் ஒரு கையால்தான் தொடுவார். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால், இடுப்பில் இருக்கும். பார்ப்பவர்களுக்கு ஏதோ ஜமீன்தார் வேலை வாங்குவது போல இருக்கும். இரண்டு கையால் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும் என்பதுதான் காரணம். உலோகத்தை முதலில் புறங்கையால் தொடுவார். மின்சாரம் இருந்தால் உள்ளங்கை அதைப் பிடித்துக்கொள்ளும், புறங்கை விலகிவிடும்.

பவர் ஆன் ஆகாத கணினி வந்தால் அவர் உடனே திறக்க மாட்டார். மூடியிருக்கும்போதே பின்பக்கம் மூக்கை வைத்து முகர்வார். பிறகு கொண்டுவந்தவரிடம் ஒரே கேள்வி: "கடைசியா எப்ப ஓடிச்சு? அதுக்கு அப்புறம் வீட்டுல என்ன மாறுச்சு?" பெரும்பாலும் பதில் அந்த இரண்டாவது கேள்வியில் இருக்கும். ஆயுத பூஜைக்கு மறுநாள் மருந்துக்கடைக்காரர் ஒருவர் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆன் செய்யும் பொத்தானின் மேலேயே சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்திருந்தார். சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து பொத்தான் இறுகிவிட்டது. ஜமால் பாய் சுரண்டி எடுத்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த வருஷம் பக்கவாட்டுல வைங்க அண்ணே. சாமிக்கு எங்க வச்சாலும் தெரியும்."

அதன் பிறகுதான் திறப்பார். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, பவர் சப்ளையை மட்டும் தனியாக ஓட்டிப் பார்ப்பார். அது ஓடினால் மதர்போர்டு, அதற்குப் பிறகு மெமரி, கடைசியில் மற்றவை. நடுவில் எதையும் ஊகிக்கவிட மாட்டார். நான் ஏதாவது சொன்னால், "நெனச்சதச் சொல்லாதீங்க தங்கச்சி, பார்த்ததச் சொல்லுங்க" என்பார். சரியானதும் 'ஆச்சு' என்று சொல்ல மாட்டார். வீட்டில் கொண்டுபோய் வைத்து, அவர்களையே பொத்தானை அழுத்தச் சொல்லி, ஓடிய பிறகுதான் கிளம்புவார். "நம்ம மேசையில ஓடுறது சாட்சியே இல்ல. பொட்டி அவங்க கரண்ட்ல, அவங்க தரையில ஓடணும்."

அவர் பையில் எப்போதும் ஒரு பல்பு இருக்கும். நாற்பது வாட் குண்டு பல்பு, ஹோல்டர், இரண்டு நீளக் கம்பிகள், முனையில் கிளிப். எல்லோரும் சட்டைப் பையில் டெஸ்டர் வைத்திருந்த காலத்தில் அவர் இதைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். காரணம் உண்டு. கணினியின் பவர் சப்ளையில் வாசலிலேயே ஒரு வடிகட்டி இருக்கிறது. எர்த் இல்லாத வீட்டில் அது கேபினட் என்னும் வெளித் தகட்டுப் பெட்டிக்கு மிகக் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிடும். தொட்டால் எறும்பு கடித்தது போல இருக்கும், ஆளைக் கொல்லாது. ஆனால் டெஸ்டர் அதற்கும் எரியும், கொல்லும் மின்சாரத்துக்கும் எரியும். "டெஸ்டரு ஒரு பருக்கை போட்டாலும் சிரிக்கும். பல்புக்கு வயிறு நெறையணும்" என்பார். கொல்லக்கூடிய மின்சாரம் இருந்தால்தான் பல்பு எரியும். முட்டிவலி வந்து அவர் கடைக்கு வருவதை நிறுத்தியபோது அந்தப் பல்பை என் பையில் போட்டார். அன்று ராஜேந்திரன் வீட்டுக்கு அதோடுதான் போனேன்.

கணினியின் பிளக் ஏற்கெனவே பிடுங்கப்பட்டிருந்தது. முகர்ந்தேன். கருகல் வாசனை இல்லை. கலைச்செல்வி உள் அறையின் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டேன்.

"பொங்கல் வரைக்கும் ஒரு குறையும் இல்லங்க. மாசி கடைசியிலேர்ந்துதான் தகராறு. பட்டன அமுக்குனா உள்ள ஃபேன் அரைச் சுத்து சுத்தும், நின்னுடும். தம்பி வந்து தூக்கிட்டுப் போவான். அவன் ரூம்ல மொத அமுக்குலயே ஓடும். திரும்ப இங்க வந்தா ஓடாது. அவங்க கூட கேலி பண்ணுவாங்க, 'ஒன் தம்பி பொட்டி மாமியா வீட்டுக்கு வந்த மாப்ள மாதிரி, வந்து உக்காந்தா எழுந்திரிக்காது'ன்னு."

"தொட்டா ஷாக் அடிச்சுதா?"

"பங்குனிலேர்ந்து சுருக்குன்னு இருக்கும். தம்பிகிட்ட சொன்னேன். 'அது எல்லா சிஸ்டத்துலயும் வர்றதுதான்க்கா, மணையப் போட்டு அது மேல கால வச்சுக்க'ன்னான்." மேஜைக்கு அடியில் கிடந்த மணையைப் பார்த்தார். "அன்னைக்கி ஆபீஸ்லேர்ந்து ரெண்டு தடவை போன் வந்துடுச்சு. வயல்லேர்ந்து வந்து கால் கழுவிட்டு நின்னாங்க. வயர ஆட்டிப் பாருங்கன்னு நான்தான் சொன்னேன். மேசைக்குப் பின்னால போனாங்க. மணை இந்தப் பக்கம் கெடந்துச்சு."

"வீட்டில் என்ன மாறியது?" என்ற கேள்விக்கு, ஒன்றும் மாறவில்லை என்றார்.

கேபினட்டைத் திறந்தேன். பிரபு சுத்தமாகப் பூட்டியிருந்தார். கம்பிகள் கட்டுக் கட்டாக, எங்கும் உரசாமல் இருந்தன. பவர் சப்ளையில் மின்கம்பிக்கும் உலோக உடம்புக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். தொடர்பு இல்லை. மூன்று பின் பிளக், மூன்று பின்னும் இருந்தன. எங்கள் பக்கம் இது அபூர்வம். இரண்டு ஓட்டை பாக்ஸில் சொருகுவதற்காகப் பாதிப் பேர் மூன்றாவது பின்னை வெட்டிவிடுவார்கள்.

தெருக்கோடியில் கூட்டுறவுச் சங்கக் கட்டடம் இருந்தது. ஊரில் சொசைட்டி என்பார்கள். அங்கே உப்பும் கரியும் கொட்டிப் புதைத்த முறையான எர்த் உண்டு. பெட்டியை அங்கே கொண்டுபோகச் சொன்னேன். காவலர் தூக்கிக்கொண்டார். கோவிந்தராசு பின்னால் வந்தார். பத்தடி விட்டு, எதிர்ப்பக்கமாகவே பிரபு வந்தார்.

சொசைட்டி மேஜையில் முதல் அழுத்தலிலேயே ஓடியது. திரையில் கலைச்செல்வி என்ற பெயர் வந்து, கடவுச்சொல் கேட்டு நின்றது. கேபினட்டுக்கும் தரைக்கும் நடுவில் பல்பை மாட்டினேன். எரியவில்லை.

"பாத்தீங்களா சார்?" என்றார் கோவிந்தராசு. "இங்க ஓடுது. எம்புள்ள கை வைக்கிற எடத்துல மட்டும் ஓடாது. இதத்தான் இவன் பண்ணி வச்சிருக்கான்."

"ஏன் மாமா நான் அத்தான..." என்று ஆரம்பித்தார் பிரபு.

"யாருக்குடா மாமா?"

உதவி ஆய்வாளர் இருவரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். பெட்டியை அங்கேயே ஒரு காவலர் பொறுப்பில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். அவர்கள் பார்க்க வேண்டியது கணினி இல்லாத வீட்டை.

மேஜைக்குப் பக்கத்தில் இருந்த பிளக் பாயிண்டில் மீட்டர் வைத்தேன். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்று நாற்பது காட்டியது. அதில் மின்விசிறி மெதுவாகச் சுற்றும். ஃப்ரிட்ஜ் முனகும், குளிராது. கணினியின் பவர் சப்ளை எழ முயன்று படுத்துவிடும். "கோடைன்னா எங்க தெருவுல லோ வோல்டேஜ்தான் டீச்சர்" என்றார் கோவிந்தராசு. அது உண்மை. தெருவில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

கொல்லையில் தென்னைமரத்தடியில், குளித்த தண்ணீர் ஓடி ஈரமாக இருந்த இடத்தில் கடப்பாரையை அடித்து இறக்கச் சொன்னேன். பல்பின் ஒரு கம்பியைக் கடப்பாரையில் மாட்டினேன். இன்னொன்றை உள்ளே கொண்டுவந்து பிளக் பாயிண்டின் மூன்றாவது ஓட்டையில், எர்த் ஓட்டையில் வைத்தேன். அந்த ஓட்டையில் மின்சாரமே இருக்கக் கூடாது. ஆபத்து வந்தால் மின்சாரம் மண்ணுக்குப் போகும் வழி அது.

பல்பின் இழை முதலில் சிவந்தது. பிறகு செம்மஞ்சளாக நின்று எரிந்தது.

"ஃப்ரிட்ஜ அணைங்க." அணைத்தார்கள். பல்பு மங்கியது. "போடுங்க." ஏறியது.

உதவி ஆய்வாளர் பல்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கம்ப்யூட்டர் எங்கம்மா இருக்கு?"

"சொசைட்டியில சார்."

எர்த் ஓட்டையிலிருந்து கிளம்பிய பச்சைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனோம். மெயின் பலகைக்குப் போய், ஜன்னல் வழியாக வெளியேறி, கொல்லையில் இருந்த பழைய அடிபம்பின் இரும்புக் குழாயில் முடிந்தது. அது நல்ல எர்த்தாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதே குழாயில், அதே கட்டில், இன்னொரு கறுப்புக் கம்பியும் சுற்றியிருந்தது. அது வீட்டின் நியூட்ரல். வீட்டுக்குள் வந்த மின்சாரம் திரும்பிப் போகும் வழி. கம்பத்துக்குப் போக வேண்டியது, அடிபம்புக் குழாய் வழியாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.

கோவிந்தராசு மறைக்கவில்லை. போன சம்பா நடவுக் காற்றில் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டது. மின்வாரிய ஆள் வரும்வரைக்கும் என்று அவரே குழாயில் கட்டினார். விளக்கு முன்பைவிடப் பிரகாசமாக எரிந்தது. அதன் பிறகு யாருக்கும் புகார் சொல்லத் தோன்றவில்லை. கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால் ஓடியது. மண் நனைந்திருந்த வரைக்கும் மின்சாரம் தடையில்லாமல் இறங்கியது. தையில் அணையை மூடி ஆற்றில் தண்ணீரை நிறுத்தினார்கள். வாய்க்கால் காய்ந்தது, நிலத்தடி நீர் இறங்கியது, குழாயைச் சுற்றி மண் வெடித்தது. இறங்க வழியில்லாத மின்சாரம் குழாயிலேயே நின்றது. அங்கிருந்து பச்சைக் கம்பி வழியாகத் திரும்பி, அந்த வீட்டில் எர்த் பின் போட்ட எல்லாவற்றின் உடம்புக்கும் வந்தது. ஃப்ரிட்ஜுக்குப் பெயிண்ட் பூச்சும் பிளாஸ்டிக் கைப்பிடியும் இருந்தன. கணினியின் பின்பக்கம் வெறும் தகடு.

இதைக் கூடத்தில் நின்று வரிசையாகச் சொன்னேன். பிரபு வாசலுக்கு வெளியே, கேட்கும் தூரத்தில் நின்றிருந்தார்.

"பூட்டுன அன்னைக்கி எர்த் இருக்கான்னு கேட்டேன் மாமா" என்றார் அங்கிருந்தே. "பக்காவா இருக்கு, அடிபம்புல கட்டியிருக்கேன்னு சொன்னீங்க. அதான் மூணு பின்னும் வச்சேன்."

உதவி ஆய்வாளர் என்னிடம் திரும்பினார். "மத்தவங்க மாதிரி மூணாவது பின்ன வெட்டியிருந்தா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பிரபு இல்லாத இடத்தில் வந்திருக்கலாம்.

"எறும்பு கடிச்ச மாதிரி இருந்திருக்கும். அவ்வளவுதான் சார்."

"ஆளு?"

"இருந்திருப்பார்."

எர்த் சரியாக இருக்கும் வீட்டில் அந்தச் சுருக்குக்கூட இருக்கக் கூடாது. அக்கா சொன்ன அன்றே அதை யோசித்திருக்க வேண்டும். இதையும் பிரபுவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு ஜீப்பின் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

கோவிந்தராசு பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெருவே இப்படித்தான் ஓட்டுது டீச்சர்" என்றார். குரலில் சண்டை இல்லை. எழுந்து உள்ளே போனவர் அரிவாளோடு கொல்லைப்பக்கம் நடந்தார். குழாயை நோக்கிப் போகிறார் என்பது புரிய எனக்கு ஒரு கணம் ஆனது. "மெயின அணைங்க!" என்று கத்தினேன். ஜீப்போடு வந்த இன்னொரு காவலர் ஓடி அணைத்தார். உதவி ஆய்வாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியவரே, இருங்க. நாளைக்கு ஆய்வாளர் வந்து பாக்கணும். அது வரைக்கும் அது அப்படியே இருக்கணும்."

"இன்னும் ஒரு நாளு அது என் வீட்டுல இருக்கணுமா?" என்று கேட்டார் கோவிந்தராசு.

மெயினை அணைத்து, பலகைக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் மின் ஆய்வாளர் வந்து பார்த்து அதையே எழுதினார். விபத்து என்று வழக்கு முடிந்தது. பிரபுவை முதல் நாள் மாலையே அனுப்பிவிட்டார்கள். கம்பத்தில் நியூட்ரலைச் சேர்த்துக் கொடுத்தார்கள். குழாயிலிருந்த இரண்டு கம்பிகளையும் கோவிந்தராசுவே வெட்டினார்.

தெருவில் மற்ற வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன். கொல்லைகளில் அடிபம்புகளையும் அவற்றில் சுற்றியிருந்த கம்பிகளையும் பார்த்தேன். "ஆள் வரட்டும், மாத்திருவோம்" என்றார்கள். ஒரு அம்மாள், "எங்க வீட்டுலதான் கம்ப்யூட்டரே இல்லியே" என்றார்.

கருமாதி அன்று கலைச்செல்வி கேட்டுக்கொண்டதால் போயிருந்தேன். பந்தல் விளக்குக்கு அந்த பிளக் பாயிண்டிலிருந்து கரண்ட் எடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. பல்பைப் போட்டுப் பார்த்து, எடுக்கலாம் என்றேன்.

பிரபு கோடிச் சேலைத் தட்டோடு வந்து படிக்குக் கீழே நின்றார். சொந்தக்காரர்கள் எல்லோரும் கோவிந்தராசுவைப் பார்த்தார்கள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எதிரில் நிற்பவர் தன் மகனைவிடச் சின்னவர்.

"வாங்க" என்றார்.

பிரபு படி ஏறினார். அக்காவுக்குக் கோடி போட்டார். அதற்குள் கோவிந்தராசு கொல்லைப்பக்கம் போயிருந்தார். இலை போட்டபோது யாரோ பிரபுவைக் கூப்பிட்டார்கள். அவர் சாப்பிடாமலே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் கணினி பூட்டித் தரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு கணினியை மேஜையில் வைத்துக் கம்பிகளை மாட்டினேன். பொத்தானை நான் அழுத்தவில்லை. கலைச்செல்வி நாற்காலியில் உட்கார்ந்தார், காலால் துழாவி மணையை இழுத்து அதன் மேல் வைத்துக்கொண்டார், அழுத்தினார். ஓடியது. திரையில் பெயர் வந்தது. கடவுச்சொல்லை அடித்தார்.

ஆனியில் ஒரு பிரிண்டர் வேலையாக அதே தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்து, கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. கொல்லைகளில் அடிபம்புகளைச் சுற்றிய கம்பிகள் அப்படியே இருந்தன. தெருவில் எல்லா வீடுகளிலும் மின்விசிறிகள் முழு வேகத்தில் சுற்றின.